தறி நின்றபோது விழிக்காத குழந்தை

லில்லி சிஸ்டரிடமிருந்து போன் வந்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "கோமதி, இங்க ஒரு அம்மா சோறு இறங்காம உக்காந்திருக்கு. சித்த நேரம் பேசு" என்பார். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி, குறைமாதக் குழந்தைகள் பிரிவு. அங்கே அவர்தான் தலைமை நர்ஸ். அந்த அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி நானும் பேசுவேன். பேசுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் என் பேரே வாய்க்காரி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது, சொல்ல வேண்டியதில் முக்கியமானது விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் படிக்கிற அம்மா யாராக இருந்தாலும், முதலில் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் பட்டினி கிடந்தால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஒரு கிராம்கூட ஏறாது.

என் மகள் மகிழினி பிறந்தபோது எடை எழுநூற்று நாற்பது கிராம். எங்கள் தறிப்பட்டறையில் கிடக்கும் ஒரு நூல் கோன் இதைவிட இரண்டு பங்கு கனம். நாற்பது வாரம் வயிற்றில் இருக்க வேண்டியவள் இருபத்தாறு வாரத்திலேயே வந்துவிட்டாள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்றுக் காலையில் ஷூவைத் தேடி எடுத்துக் கொடுக்கவில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் எங்கே வந்து நிற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு படித்தால் உங்களுக்குப் பயம் குறையும் என்றுதான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

தொடங்கியது கால் வீக்கத்தில். நாள் முழுக்கத் தறியில் நிற்கிற பொம்பளைக்குக் கால் வீங்காதா என்று நான் சட்டை செய்யவில்லை. தலைவலி வந்தது, தைலம் தேய்த்தேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, பசி என்று நினைத்தேன். என் கணவர் செல்வராஜின் அக்கா சரசு எங்களோடு இருப்பவர், பட்டறையில் ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிற மெஷின் அவர் பொறுப்பு. ஒருநாள் மத்தியானம் அவர் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, மேலே எழும்பவே இல்லை.

"செல்வராசு, தறிய நிறுத்து. இவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார்.

உள்ளூர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். கர்ப்பத்தில் வருகிற ரத்தக்கொதிப்பு இது. தாயின் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், குழந்தைக்குப் போகிற ரத்தத்தையும் குறைத்துவிடும். குழந்தையை வெளியே எடுப்பது ஒன்றுதான் இதற்கு மருந்து. சேலத்தில் என்னைச் சேர்த்த உடனே ஓர் ஊசி போட்டார்கள், மறுநாள் இன்னொன்று. அது எனக்கில்லை, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்கு. இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் பிற்பகலில் ஆபரேஷன். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பூனைக்குட்டி முனகியதுபோல் ஒன்று கேட்டது, அதையும் நானாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னை இரண்டாம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள் கிடந்தாள். தோல் பாலாடை மாதிரி இருந்தது, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒன்று, தொப்புளில் ஒன்று. எனக்கு முதலில் வந்தது பாசம் இல்லை, பயம்தான். "இது பொழைக்காது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்காக நான் வெட்கப்படாத நாள் இல்லை. அப்படி உங்களுக்கும் தோன்றியிருந்தால், நீங்கள் கெட்ட தாய் இல்லை. பெட்டிக்கு முன்னால் முதல் நாள் நிற்கும்போது பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றும் என்று லில்லி சிஸ்டரே சொல்லியிருக்கிறார்.

அவர் அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். "பொழைக்குமா இல்லையான்னு அவ சொல்லட்டும். நீ போயி கையக் கழுவிட்டு வந்து அவளத் தொடு" என்றார்.

இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் வழவழப்பான ஒரு திரவம் சுரந்திருக்காது. அது இல்லாவிட்டால் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு மருந்தை மூச்சுக்குழாய் வழியாக நேரே உள்ளே விடுகிறார்கள். அப்புறம் மூச்சு விடுகிற இயந்திரம், அதிலிருந்து மெல்ல இறக்கி மூக்கில் காற்றை ஊதுகிற இன்னொரு இயந்திரம். இவ்வளவும் இருந்தும் திடீரென்று குழந்தை மூச்சு விடுவதை நிறுத்திவிடும். மணி அடிக்கும், நமக்கு உயிர் போய்விடும். சிஸ்டர் நிதானமாக வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், மூச்சு வந்துவிடும். "உன் பொண்ணுக்கு மறந்துபோச்சு. ஞாபகப்படுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். மூளை இன்னும் முற்றாததால் மூச்சு விட வேண்டும் என்பதே அதற்கு மறந்துபோகுமாம். எத்தனையோ முறை மறந்தாள், அத்தனை முறையும் யாரோ ஒருவர் ஞாபகப்படுத்தினார்கள்.

உள்ளே அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. அப்பாமார் பகல் பதினொரு மணிக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்கலாம். மற்ற புருஷன் பெண்டாட்டிகள் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று செல்போனில் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குப் போன் தேவைப்படவில்லை. விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் நாங்கள் குரலே இல்லாமல், வாயை மட்டும் தெளிவாக அசைத்து, கையில் இரண்டு சாடை சேர்த்துப் பேசுவோம். நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்தது எல்லாம் அப்படித்தான். கல்யாணமான புதிதில் நாங்கள் சண்டை போட்டதும் அப்படித்தான், பட்டறையில் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் உதட்டால் கேட்டார்: "மூச்சு உடுதா?"

"உடுது" என்று நான் உதட்டால் சொன்னேன்.

தினமும் அதுதான் முதல் கேள்வி. அதற்கப்புறம்தான் எடை எவ்வளவு, பால் எவ்வளவு, நீ சாப்பிட்டாயா என்பதெல்லாம். எங்களைப் பார்த்து லில்லி சிஸ்டர் முதலில் சிரித்தார். ஒரு வாரத்தில் அவரே கண்ணாடிக்கு உள்ளே இருந்து என் கணவரிடம் "நாலு கிராம் ஏறிருக்கு" என்று உதட்டால் சொல்லக் கற்றுக்கொண்டார்.

பால் கதையைச் சொல்லாவிட்டால் சரசக்கா என்னைச் சும்மா விட மாட்டார். குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது, குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மில்லி. ஒரு மில்லி என்பது எவ்வளவு தெரியுமா, ஸ்பூனின் அடியை நனைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு மில்லிகூட முதல் நாட்களில் எனக்குச் சுரக்கவில்லை. சரசக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் சங்ககிரி வழியாக பஸ்ஸில் வருவார். கையில் ஒயர் கூடை, அதில் பூண்டுக் குழம்பு, ராகிக் களி, சுறாப்புட்டு. வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினால், "ஏனுங்க, நான் உள்ள வரலீங்க, இந்தச் சோறு மட்டும் வரட்டுமுங்க" என்று அவரிடமே கூடையைக் கொடுத்து மேலே அனுப்புவார். நாலாம் தடவையிலிருந்து அந்த மனிதரே படிக்கட்டில் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தார். பால் சுரந்தது. கடைசியில் எனக்கு மிஞ்சியதைப் பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்கும் கொடுக்கிற அளவுக்குச் சுரந்தது.

அந்தப் பக்கத்துப் பெட்டிக் குழந்தை பிழைக்கவில்லை. ஆத்தூர்க்காரர்கள். அந்தத் தாய் போகும்போது, தன் பிள்ளைக்கென்று பின்னிய இரண்டு கம்பளிக் குல்லாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். என் மகள் ஜெயித்த கதையை எழுதும்போது அவளை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது. இரண்டு குல்லாவும் இன்னும் பீரோவில் இருக்கின்றன.

பன்னிரண்டாம் நாள் ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. மறுபடி மூச்சு இயந்திரம், கடுமையான மருந்துகள். டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். "இந்த மருந்துல ஒண்ணு காதைப் பாதிக்கலாம். ஆனா இப்ப குடுக்கலன்னா உயிருக்கே ஆபத்து. சொல்லிட்டுத்தான் குடுக்கணும், அதனால சொல்றேன்" என்றார். உயிர் என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது. குடுங்க டாக்டர் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எட்டு நாள் மருந்து. ஒன்பதாம் நாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். மூளையில் ரத்தக்கசிவு இல்லையென்று ஸ்கேன் சொன்னது. இப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்குக் கண்ணின் பின்னால் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும், கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும் என்று வாரவாரம் கண் டாக்டர் வந்து பார்த்தார். தாறுமாறாக எதுவும் வளரவில்லை. ஒரு கிலோவைத் தொட்ட அன்று வராண்டாவில் இருந்த அத்தனை பேருக்கும் என் கணவர் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். செக்யூரிட்டிக்கு இரண்டு.

அதற்குப் பிறகு குழந்தையை வெறும் மார்பில் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். தாயின் சூட்டில் குழந்தையின் மூச்சும் துடிப்பும் ஒரு நிலைக்கு வரும், எடை ஏறும். அப்பாவும் செய்யலாம் என்றதும் என் கணவர், தறி எண்ணெய் வாசம் போவதற்காக இரண்டு தடவை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே சத்தம் போடக் கூடாது அல்லவா, குனிந்து அவளிடம் உதட்டாலேயே பேசினார். எந்தத் தறியில் எந்தப் பாவு ஓடுகிறது, எது அடிக்கடி நூல் அறுக்கிறது என்று ஒவ்வொன்றாக. அவள் கண் கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். என்ன அறிவு பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எண்பத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை ஒன்றே முக்கால் கிலோ. பத்துத் தறியில் இரண்டை விற்றுத்தான் ஆஸ்பத்திரிக் கணக்கை முடித்தோம். டாக்டரம்மா ஒரு தடிமனான ஃபைலை என் கையில் கொடுத்தார். "பொழைக்க வச்சது எங்க வேலை, முடிஞ்சிருச்சு. வளர்க்கிறது உங்க வேலை, அது இன்னிக்குத்தான் ஆரம்பம். கழுத்து நிக்கிறது, உக்கார்றது, நடக்கிறது, பேசுறது எல்லாத்தையும் இனிமே பாத்துக்கிட்டே வரணும். இதுல தேதி போட்டிருக்கு, ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்றார். வயதுக்கு இரண்டு கணக்கு உண்டென்றும் சொல்லிக்கொடுத்தார். பிறந்த நாளிலிருந்து ஒரு வயது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வயது. இந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியை அந்த இரண்டாவது கணக்கில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழாதீர்கள்.

ஃபைலில் காதுக்கும் ஒரு தாள் இருந்தது. முதல் சோதனையில் சரியாகத் தெரியவில்லை, இரண்டாம் கணக்கில் மூன்று மாதம் ஆனதும் பெரிய சோதனைக்குக் கொண்டு வரவும் என்று எழுதியிருந்தது. அந்தத் தேதியைத்தான் நாங்கள் விட்டோம்.

ஏன் விட்டோம் என்று கேட்டால், ஒரு தறிக்காரக் குடும்பத்துக்குத்தான் அது புரியும். எங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எட்டுத் தறியும் ஓடும்போது வெளியூர்க்காரர்கள் வந்தால் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளோ அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். ஆஸ்பத்திரியின் அமைதியில் வளர்ந்தது அரண்டுவிடுமே என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, மகிழினி முதல் நாளே தொட்டிலில் கிடந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினாள். தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது.

"தறிக்காரன் புள்ளைன்னா இப்படித்தானுங்க இருக்கோணும். தறிச் சத்தத்துக்கு அசையுதா பாரு" என்று சரசக்கா நெட்டி முறித்தார். சோதனைக்குப் போகிற நாள் வந்தபோது, "இந்தக் காதுக்கு என்ன கொறைன்னு சேலம் போறீங்க? நல்லாத் தூங்குற புள்ளைய பஸ்ஸுல தூக்கிட்டுப் போயி சளி புடிக்க வெக்கோணுமா?" என்றார். பழியை அவர் மேல் போட மாட்டேன். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, பெருமையோடு ஒரு சாக்கு கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணி ஆனதும் ஊரில் உள்ள அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். சத்தத்திலேயே தூங்குகிற பிள்ளைகள், சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டு வீடு வீடாக அழ ஆரம்பிக்கும். தாய்மார்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். இரண்டாம் கணக்கில் மகிழினிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று தறி நின்றது. பக்கத்து வீட்டுக் கவிதாவின் மகன் வீறிட்டான். எதிர் வீட்டு இரட்டையரும் சேர்ந்துகொண்டார்கள். நான் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். மகிழினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தைய மாதங்களில் கரண்ட் நின்றபோது அவள் என் மடியில் விழித்தே இருந்திருக்கிறாள், நான் கவனித்ததில்லை. இப்போது தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரசக்கா வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். சமையலறைக்குள் போய்ப் பித்தளைக் குண்டாவை எடுத்துவந்து, தொட்டிலுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டார். கவிதா தன் வீட்டிலிருந்து "என்னாச்சுங்கக்கா?" என்று கத்தினாள். குழந்தையின் இமைகூட அசையவில்லை.

சரசக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாவிங்க. நாந்தானே போவேண்டாம்னேன்" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை, அழக்கூடத் தோன்றவில்லை. ஃபைலை எடுத்தேன், பையில் போட்டேன். என் கணவரையும் சேர்த்து மூவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டோம்.

பெரிய சோதனை என்பது இதுதான். தூங்குகிற குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒட்டுகள் ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் மூளை வரை போய்ச் சேர்கிறதா என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். வலியே இல்லை. ஒரு மணி நேரம் கோடுகள் தட்டையாகவே ஓடின, சத்தத்தை மிகவும் கூட்டிய பிறகுதான் லேசாக மேடு தெரிந்தது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் கடுமையாகக் குறைந்திருந்தது.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டி, விட்டுப்போன தேதியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு மாசம் போச்சு. போனது போகட்டும், இன்னும் நேரம் இருக்கு. மிஷின் வச்சா கேக்கும். கேட்டா பேச்சு வரும். ஆனா அவளுக்கு அமைதியான இடம் வேணும், கோமதி. மிஷினுக்குத் தறிச் சத்தம், அம்மா சத்தம்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எல்லாத்தையும் கூட்டித்தான் காட்டும்" என்றார்.

குமாரபாளையத்தில் தறிச் சத்தம் இல்லாத வீடு. சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். வீடு பிடிக்கிற வேலையைச் சரசக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தெருத் தெருவாகப் போவார், காலி வீட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், தலையை ஆட்டிவிட்டு நகர்வார். ஒரு வீட்டில் சத்தமே இல்லை என்று சந்தோஷமாக வந்து சொன்னார், போய்ப் பார்த்தால் அடுத்த கட்டடம் கல்யாண மண்டபம். பதினெட்டாம் நாள் காவிரிக்கரைப் பக்கம் அரிசி குடோனுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டபோது, "தறி ஓட்டறமுங்க, ஆனா இந்த ஊட்டுக்குள்ள ஒரு நூல் துண்டுகூட வராதுங்க" என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். பட்டறை அங்கேயே ஓடியது, நாங்கள் மட்டும் இங்கே வந்துவிட்டோம்.

காது மிஷின் மாட்டிய அன்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நித்யா மிஸ் என்னைக் குழந்தைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். ஊரையே கூட்டுகிறவள் நான். அன்று பேருக்குப் பதில், வீட்டில் கொஞ்சிக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக, "சாமி" என்றேன். விரல் சூப்பிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். விரல் வாயிலேயே இருக்க, கண் பெரிதாக விரிந்தது. மறுபடி "சாமி" என்றேன். தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் அழுத அழுகையைக் கேட்டு அவள் பயந்து அழ, மிஸ் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது அத்தனையும் வேலை, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் சேலம். மற்ற நேரம் வீட்டில் ஓயாத பேச்சு. அரிசி களைகிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன், அடுப்பு சுடும் என்று செய்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மிஸ். என் வாய்க்கு இப்படி ஒரு பயன் உண்டென்பதை என் மாமனார் உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். உதட்டை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிடக் கூடாது, காதால் கேட்க வேண்டும் என்பதற்காக, சில சமயம் வாயை மறைத்துக்கொண்டு பேசச் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மருத்துவமனையில் அப்பாவின் நெஞ்சில் கிடந்த நாளிலிருந்து உதட்டைப் படித்தவள் ஆயிற்றே.

இரண்டாம் கணக்கில் பதினேழு மாதத்தில் நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. இரண்டு வயது தாண்டியும் வரவில்லை. சொந்தக்காரர்கள் என் காதுபடவே ஊமை என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னவரை இலையில் கை வைத்திருக்கும்போதே எழுப்பி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டரை வயதில் ஒரு காலை, என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க."

திரும்பிப் பார்த்தால் மகிழினி, தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா இல்லை, அம்மா இல்லை, நான் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தைதான் அவளுடைய முதல் வார்த்தை. அவர் ஓடிவந்து மண்டி போட்டு, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். அன்று பட்டறை திறக்கவில்லை. நாள் முழுக்க அவளை "ஏனுங்க" சொல்ல வைத்து, ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் ஓடி ஓடிப் போனோம்.

இப்போது ஆறு வயது. வகுப்பில் இவள்தான் ஒல்லி, குளிர்காலத்தில் நெஞ்சு இழுக்கும், பென்சிலைப் பிடித்து எழுத மற்றவர்களைவிட நேரம் ஆகும். முன் பெஞ்சில் உட்கார்கிறாள். காது மிஷினைக் கேலி செய்த பையனிடம், "இது உன்கிட்ட இருக்குதா? இல்லீல்ல?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் புகார் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தார்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே விட மாட்டேன், வெளிமுற்றத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சரசக்கா அவள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன, ஆட்கள் அந்தக் கோடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வாசலில் நூல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மகிழினி பென்சிலை நிறுத்தினாள். ஒரு கையைச் சுவரில் வைத்தாள். எழுந்தாள்.

"அப்பா, ஒரு தறி நின்னுபோச்சுங்க."

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இருபது வருடம் தறியில் நின்ற சரசக்காவும் தலையை நிமிர்த்தி, இல்லையே என்றார். என் கணவர் உள்ளே போய்ப் பார்த்தார். ஐந்தாம் தறி நின்றிருந்தது, நூல் அறுந்து கிடந்தது.

வெளியே வந்தவர் அவள் முன்னால் குனிந்தார். "எப்படி சாமி கண்டுபுடிச்ச? கையிலயா, காதுலயா?"

"ரெண்டுலயுமுங்க" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல்.

அவர் நிமிர்ந்து முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்டதுபோல, உதட்டை மட்டும் அசைத்தார்: "கேக்குது கோமதி. புள்ளைக்குக் கேக்குது."

அந்தப் பாஷை தெரிந்தவள் ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருப்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"ஆமாங்கப்பா, கேக்குதுங்க. அதுக்கு எதுக்கு அழுவறீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டு, அவள் மறுபடி சுவரில் சாய்ந்து வீட்டுப்பாடத்தை எழுத ஆரம்பித்தாள்.